கம்போசிட்டை ஃப்ரிட்ஜில் வைத்தால் மட்டும் போதாது

பல் குழியை அடைக்கும், நீல ஒளி பட்டால் இறுகும் பசைதான் கம்போசிட். பல்லில் வைக்கும்போது அது கருவியோடு ஒட்டிக்கொண்டு வருகிறதா? ஓரத்தில் இடைவெளி விழுகிறதா? கைத்திறனைக் குறை சொல்லும் முன் அந்தக் கம்போசிட் சிரிஞ்ச் எங்கே இருந்தது என்று பாருங்கள்.

1. முதலில் பெட்டியில் உள்ள வெப்பநிலைக் குறியைப் படியுங்கள். பல கம்போசிட்களுக்கு 2 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை சரி. கம்போசிட்டைப் பல்லோடு ஒட்டவைக்கும் பாண்டிங் திரவங்களில் சிலவற்றுக்கு 2 முதல் 8 தான்.

2. ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில், மூடிய டப்பாவில் வையுங்கள். கதவுத் தட்டு வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடேறும். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. யூஜினால் (கிராம்பு எண்ணெயில் இருப்பது) உள்ள பொருள் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அதன் ஆவி கம்போசிட் இறுகுவதைக் கெடுக்கும்.

3. பலரும் கோட்டை விடுவது வெளியே எடுக்கும்போதுதான். குளிர்ந்த கம்போசிட் கெட்டியாக இருக்கும். குழியின் மூலைக்குள் போகாது, நடுவே காற்றுக்குமிழ் தங்கிவிடும். அதோடு, குளிரில் மூலக்கூறுகள் நகர்வது குறைவதால் எவ்வளவு லைட் அடித்தாலும் இறுக்கம் முழுமையாகாது. உடனே மூடியைத் திறந்தால் காற்றின் ஈரம் முனையில் பனித்துளியாகப் படியும். ஆகவே சுமார் ஒரு மணி நேரம் முன்பே எடுத்து, மூடியைக் கழற்றாமல் வெளியே வையுங்கள். என்னைக் கேட்டால் சிரிஞ்சை விட ஒருமுறைக்கு மட்டுமான சிறு கேப்சூல்தான் நல்லது. தேவையானதை மட்டும் எடுக்கலாம், மீதி குளிரிலேயே இருக்கும்.

4. பிதுக்கிய கம்போசிட்டை ஆரஞ்சு மூடியால் மூடுங்கள். கம்போசிட்டில் இறுகுவதைத் தொடங்கிவைக்கும் கேம்ஃபர்குவினோன் 468 நானோமீட்டர் அருகே நீல ஒளியை உறிஞ்சும். நாற்காலி விளக்கிலும் அந்த நீலம் உண்டு. மேலே மெல்லிய தோல் கட்டிவிட்டால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

5. பாண்டிங் பாட்டிலில் துளி விட்டதும் மூடுங்கள். அதில் கரைப்பானாக உள்ள அசிட்டோன், எத்தனால் பறந்துபோனால் திரவம் தடித்துவிடும், எனாமலுக்கு அடியில் உள்ள டென்டினுக்குள் இறங்காது.

பிறகு சேர்த்தது: ஜிஐசி (கிளாஸ் அயனோமர் சிமென்ட், பவுடரையும் திரவத்தையும் கலந்து பல்லை அடைப்பது) திரவம் ஃப்ரிட்ஜில் கூழாகிவிட்டது, தண்ணீர் விட்டு இளக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். கூடவே கூடாது. அமிலத்தின் அளவு மாறி ஃபில்லிங்கின் வலிமை குறையும். அந்தத் திரவத்தை அறை வெப்பத்திலேயே வையுங்கள். பவுடர் பாட்டிலை ஈரம் புகாமல் இறுக மூடுங்கள். கலக்க நேரம் போதவில்லை என்றால் கண்ணாடிப் பலகையை மட்டும் குளிர வையுங்கள். ஆனால் அதில் படியும் பனியைத் துடைத்த பிறகே பவுடரைக் கொட்டுங்கள்.