இங்கிலாந்தில் திட்ட அனுமதி: விண்ணப்பத்தைத் திருப்பிய பீலி

வீட்டின் பின்பக்கம் ஒற்றைத் தளமாக நீட்டிக் கட்ட, கவுன்சிலுக்குக் கொடுத்த விண்ணப்பம் இரண்டு முறை ‘செல்லாது’ என்று திரும்பியது. வரைபடத்தில்தான் குறை என்று நினைத்து, 1:1250 இட வரைபடத்தில் வடக்கு அம்பு, சிவப்பு எல்லைக்கோடு, அளவுக்கோல் எல்லாம் திருத்தினேன். பயனில்லை.

கோளாறு, நிலம் யாருடையது என்று விண்ணப்பத்தோடு கொடுக்கும் உரிமைச் சான்றிதழில். சுவர் என் நிலத்துக்குள்தான். ஆனால் பக்கவாட்டு வரைபடத்தில் கூரைப் பீலி (மழைநீர் வழிந்தோடும் குழாய்) மட்டும் எல்லையைத் தாண்டி 10 செ.மீ. நீட்டியிருந்தது. அத்திவாரம் தாண்டினாலும் இதே சிக்கல்தான். அப்போது ‘முழு நிலமும் என்னுடையது’ என்னும் ஏ சான்றிதழ் செல்லாது, ‘நிலத்தில் வேறொருவருக்கும் உரிமை உண்டு, அவருக்கு அறிவித்துவிட்டேன்’ என்னும் பி வேண்டும்.

அயலவருக்கு உரிய அறிவிப்பை எழுத்தில் கொடுத்து, அந்தத் தேதியை பி சான்றிதழில் குறித்து அனுப்பினேன், ஏற்றார்கள். முடிவுக்கான 8 வாரக் கணக்கு, செல்லுபடியான விண்ணப்பம் கிடைத்த பிறகுதான் தொடங்கும். பீலியை எல்லைக்கு உள்ளேயே வரைந்திருந்தால் ஏ சான்றிதழே போதும்.