சிஎஃப்எல் வீரராகப் பிழைக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிஎஃப்எல் எனப்படும் கனடியன் ஃபுட்பால் லீக்கில் மொத்தமே 9 அணிகள்தான். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். ஜூனில் தொடங்கும், அணிக்கு 18 போட்டிகள், நவம்பரில் கிரே கோப்பை இறுதியோடு கடை சாத்திவிடுவார்கள். இங்கே வருகிற பலரைக் கவிழ்ப்பது எதிரணித் தடுப்பாட்டக்காரர் கிடையாது. படிக்காமல் போட்ட கையெழுத்தும் தப்பாகப் போட்ட கணக்கும்தான்.

முதல் தப்புக்கணக்கு, இது அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லைவிட ஒரு படி எளிதான ஆட்டம் என்பது. ஜானி மான்ஸியெல் 2012-இல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பையை வாங்கியவர். 2018-இல் மாண்ட்ரியால் அணிக்காக முதன்முறை குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவராக) இறங்கிய அன்றே நான்கு பந்துகளை எதிரணியின் கையில் கொடுத்தார். அடுத்த பிப்ரவரியில், ஒப்பந்த நிபந்தனையை மீறினார் என்று லீக்கே அவரை வெளியேற்றியது. வேறு எந்த அணியும் சேர்க்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. என்எஃப்எல்லில் பெயர் வாங்கிய வின்ஸ் யங், 2017-இல் சஸ்காட்செவன் பயிற்சி முகாமிலேயே தொடைத்தசைக் காயத்தோடு வீடு திரும்பினார். ஒரு போட்டிகூட ஆடவில்லை.

ஆட்டமே வேறு. மைதானம் 110 கஜ நீளம், 65 கஜ அகலம். அணிக்கு 12 பேர். பத்து கஜம் முன்னேற அமெரிக்காவில் நான்கு வாய்ப்பு, இங்கே மூன்றுதான். அதிலும் மூன்றாவதில் பெரும்பாலும் பந்தை உதைத்து அனுப்பிவிடுவார்கள் என்பதால், உண்மையில் இருப்பது இரண்டு. பந்து நகருமுன்பே, எறியும் பந்தைப் பிடிக்கும் ரெசீவர்கள் ஓட்டம் பிடித்து, பந்து இருக்கும் கோட்டுப் பக்கம் வரலாம். தடுப்பு வரிசை பந்திலிருந்து ஒரு கஜம் தள்ளித்தான் நிற்க வேண்டும். அதனால் உடம்பை மலையாக வளர்த்து வரும் லைன்மேனைவிட (முன்வரிசையில் மோதுபவரைவிட)க் கால் சுறுசுறுப்பானவனுக்கே வேலை. உதைத்த பந்தை எடுக்க வருபவருக்கு ஐந்து கஜம் இடம் விட்டாக வேண்டும், அவரும் எடுத்து ஓடியே ஆக வேண்டும். ஆகவே ‘ஸ்பெஷல் டீம்ஸ்’ என்கிற உதைப்பிரிவு இங்கே ஓரங்கட்டும் இடமில்லை. அதைக் கேவலமாக நினைக்கிற புதியவர்கள் முகாம் முடிவதற்குள் பெட்டி கட்டுகிறார்கள். இன்னொன்று: 2027-இல் மைதானத்தை 100 கஜமாகக் குறைத்து, கோல் கம்பங்களையும் பின்னுக்குத் தள்ளப்போவதாக லீக் 2025 செப்டம்பரில் அறிவித்தது. பந்தை உதைத்தே சம்பாதிப்பவர்கள் இப்போதே கணக்குப் போடத் தொடங்கியிருப்பார்கள்.

அடுத்தது பாஸ்போர்ட். தொடக்க வரிசையில் குறைந்தது 7 பேர் கனடியர்களாக இருக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. லீக்கும் வீரர்களின் தொழிற்சங்கமும் 2022-இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு எட்டாவதாக ஓர் இடத்தை லீக்கில் பல ஆண்டுகள் ஆடிய அமெரிக்கருக்கும் தரலாம். இதனால் ஒரே திறமை உள்ள இருவரில் கனடியருக்கு மவுசு அதிகம். அமெரிக்காவில் பிறந்து, தாய் அல்லது தந்தை வழியாகக் கனடியக் குடியுரிமைக்குத் தகுதி உள்ளவர்கள், அதற்கான ஆவணங்களை முதல் ஒப்பந்தத்துக்கு முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது விலை உயர்ந்த சோம்பல். அமெரிக்கக் கல்லூரி வீரர்களுக்கு வேறொரு பொறி உண்டு. ஒவ்வோர் அணியும் 45 பெயர்கள் கொண்ட ‘பேச்சுவார்த்தைப் பட்டியல்’ வைத்திருக்கிறது. அதில் உங்கள் பெயர் இருந்தால், கனடாவில் அந்த அணியோடு மட்டுமே பேச முடியும். பெயர் இருப்பதே தெரியாமல் எட்டு அணிகளுக்கு வீடியோ அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஏஜென்ட் வைத்திருந்தால் அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

சம்பளத்தில் செய்யும் தவறுகள்

2023 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 70,000 கனடிய டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது 18 போட்டிகளுக்கான பணம், ஒரு போட்டிக்குச் சுமார் 3,900 டாலர். வரி போக மிச்சம்தான் கையில். ஐந்தாவது போட்டிக்குப் பிறகு அணி உங்களை விடுவித்தால் ஐந்து போட்டிகளுக்கான பணத்தோடு சரி. டிசம்பரிலிருந்து மே வரை சம்பள வரவு கிடையாது. இதை மாதச் சம்பளம் போல எண்ணி ஜூலையிலேயே தவணைக்கு வண்டி எடுப்பது பழைய வழக்கம். 2020-இல் கோவிட் காரணமாக சீசன் முழுவதும் ரத்தானபோது ஒரு போட்டிக்கான பணம்கூட வரவில்லை.

ஜான் கார்னிஷைப் பாருங்கள். கால்கரி அணிக்காக ஓடி 2013-இல் லீக்கின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர், ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே வங்கியிலும் வேலை பார்த்தார். விருது வாங்கும் நட்சத்திரமே சீசன் முடிந்ததும் டை கட்டிக்கொண்டு போகிறார் என்றால், உதைப்பிரிவில் இடம்பிடிக்கப் போராடும் 23 வயதுப் பையன் ஆறு மாதம் உடற்பயிற்சி மட்டும் செய்வேன் என்று சொல்வது எனக்குப் புரிவதில்லை.

ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்குவதும் இதே ரகம். இங்கே பெரும்பாலான ஒப்பந்தங்களுக்கு உத்தரவாதம் இல்லை. 2022-இல்தான், சொந்த அணியோடு மறுபடி கையெழுத்திடும் மூத்த வீரர்களுக்கு ஓரளவு உத்தரவாதம் வந்தது. ஓராண்டு கழித்துத் தருவதாகச் சொல்லும் போனஸ் நாள் நெருங்கும்போதே வீரரை விடுவிக்கும் அணிகள் உண்டு. கையெழுத்திட்டவுடன் கைக்கு வரும் சிறு தொகை, அடுத்த பிப்ரவரியில் வருவதாகச் சொல்லும் பெருந்தொகையைவிட மேல்.

உடம்பு

காயத்தை மறைப்பதை வீரம் என்று நினைக்கும் பழக்கம் எல்லா நாட்டு ஆட்டத்திலும் உண்டு. இங்கே அதற்குச் சட்டச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. மாண்ட்ரியால் அணியின் ஜோனதன் ஹெஃப்னிக்கு 2015 அக்டோபரில் கழுத்திலும் கையிலும் நரம்புகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. அன்றைய விதிப்படி அணியின் மருத்துவச் செலவுப் பொறுப்பு 12 மாதத்தோடு முடிந்தது. சிகிச்சை முடியவில்லை, பொறுப்பு மட்டும் முடிந்துவிட்டது. அந்தக் கதை பெரிதாகப் பேசப்பட்டது. 2019 ஒப்பந்தத்தில் காலக்கெடு மூன்று ஆண்டாக நீண்டது. நீதிமன்றத்துக்குப் போகலாமே என்றால், தலைக்காயத்துக்காக லீக்கின் மீது வழக்குத் தொடுத்த ஆர்லண்ட் புரூஸின் மனுவை விசாரிக்கக் கனடா உச்ச நீதிமன்றம் 2018-இல் மறுத்துவிட்டது. இத்தகைய தகராறுகள் தொழிற்சங்க ஒப்பந்தத்தின்படி சமரச நடுவர் (ஆட்ட நடுவர் அல்ல) முன்புதான் தீர வேண்டும் என்பது கீழ்நீதிமன்றங்களின் தீர்ப்பு.

ஆகவே காயம் பட்ட அன்றே அணி மருத்துவரின் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். பதிவில் இல்லாத காயம், பின்னாளில் நடக்காத காயம். தலையில் அடிபட்டால் வேறு பேச்சே வேண்டாம். கார்னிஷ் 2015-இல் தலைக்காயங்களை மனத்தில் வைத்து ஓய்வை அறிவித்தார். பின்னர் கால்கரி பல்கலைக்கழகத்தின் வேந்தரானார்.

ஊக்கமருந்து பற்றி ஒரு வரி போதும்: கடையில் விற்கும் பவுடர் டப்பாவை நம்பாதீர்கள். 2010-இல் வாட்டர்லூ பல்கலைக்கழக வீரர்கள் பலர் சிக்கியபோது அந்த ஆண்டு முழுவதும் அணியையே நிறுத்திவைத்தார்கள். தப்பு செய்யாதவர்களும் ஒரு சீசனை இழந்தார்கள்.

தெற்கே போகும் ஆசை

என்எஃப்எல் ஆசை தவறில்லை. முதல் சீசனிலேயே அரைமனதாக ஆடிக்கொண்டு எல்லைக்கு அப்பால் பார்ப்பதுதான் தவறு. எந்த என்எஃப்எல் அணியும் தேர்ந்தெடுக்காத கேமரூன் வேக், வான்கூவரில் பிசி லயன்ஸ் அணிக்கு 2007, 2008 என இரண்டு சீசன் முழுமூச்சாக ஆடினார். இரண்டு முறையும் சிறந்த தடுப்பாட்ட விருது அவருக்கே. அதன் பிறகுதான் என்எஃப்எல்லின் மயாமி அணி வாசலைத் திறந்தது. வாரன் மூன் எட்மண்டனில் ஆறு ஆண்டு ஆடி ஐந்து கிரே கோப்பைகளை வென்றுவிட்டுப் போனார். விக்டோரியாவில் பிறந்த நேதன் ரோர்க் 2022-இல் பிசி லயன்ஸில் கலக்கிவிட்டுத் தெற்கே போனார். அங்கே ஓர் அணியிலும் நிலைக்கவில்லை, 2024 ஆகஸ்டில் திரும்பி வந்தார். வந்தவரை லயன்ஸ் வரவேற்றதற்குக் காரணம், போகும்போது கதவை உதைத்துச் சாத்தாததே.

கனடியப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. அங்கே ஐந்து சீசன் ஆடலாம். சிஎஃப்எல் டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைப் பொறுக்கும் தேர்வில்) ஓர் அணி உங்களைத் தேர்ந்தெடுத்த பிறகும், தகுதி மிச்சமிருந்தால், பயிற்சி முகாமுக்குப் போய்வந்து மீண்டும் கல்லூரி அணிக்கே திரும்பலாம். உங்கள் மீதான உரிமை அந்த அணியிடமே இருக்கும். பட்டத்தை முடித்துவிட்டு அடுத்த மே மாதம் முகாமுக்குப் போகலாம்.