ஓடுகிற பஸ்ஸை நிறுத்தாதீர்கள்: குழந்தைகளின் பாவனை விளையாட்டைக் கவனிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஜூனில் எங்கள் மழலையர் பள்ளிக்கு இரண்டு புது டீச்சர்கள் வந்தார்கள். நோட்டோடு ஓரமாக உட்கார்ந்து பிள்ளைகள் விளையாடுவதைக் கவனித்து எழுதச் சொன்னேன். நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை அப்படியே செய்கிறார்கள். தேதி போட மறப்பது, பெயர் மாறிப்போவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விடுங்கள்.

நடுவில் புகுந்து கேள்வி கேட்பது

இதை எங்கே பார்த்தாலும் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

என் வகுப்பில் நாலரை வயதுப் பையன் ஒருவன். சேர்ந்து இரண்டு மாதமாகியும் யாரோடும் பேச்சில்லை. ஒரு நாள் நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டு, பென்சில் பவுச்சை நாடாவில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு கண்டக்டர் ஆகிவிட்டான். பூவரச இலையைக் கிழித்தால் டிக்கெட். "சின்னாளப்பட்டி ரெண்டா? சில்லறையா குடுங்க" என்றபோது குரலே வேறாக இருந்தது. பையன்களிடம் காசு வாங்கினான். பெண் பிள்ளைகளிடம் வாங்கவில்லை, ஆனால் டிக்கெட் மட்டும் கிழித்துக் கொடுத்தான். டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து அப்படித்தானே. மடியில் பொம்மை வைத்திருந்தவள் அதற்கும் ஒன்று கேட்டாள். "கைப்பிள்ளைக்கு டிக்கெட் கெடையாதும்மா."

நான் எழுந்துபோய், "எத்தனை டிக்கெட் குடுத்தே? எண்ணிச் சொல்லு பாப்போம்" என்றேன். ஒண்ணு, ரெண்டு, நாலு என்று சொல்லி நிறுத்தினான். பவுச்சைக் கழற்றி நாற்காலியில் வைத்தான். மற்றவர்களும் எழுந்து போய்விட்டார்கள். நான் நோட்டில் "எண் வரிசை தெரியவில்லை" என்று எழுதினேன், பெற்றோர் கூட்டத்தில் அதையே அவன் அப்பாவிடமும் சொன்னேன். அன்றிலிருந்து வீட்டில் தினமும் சாயங்காலம் ஒன்றிலிருந்து ஐம்பது வரை எழுத வேண்டும் என்றாகிவிட்டது. தீபாவளி வரை அவன் அந்தப் பவுச்சைத் தொடவில்லை.

ஆளுக்கொரு டிக்கெட் கொடுத்தானே, அதுதான் ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது, எண்ணுவதற்கே அடிப்படை. காசு கொடுக்க வேண்டியவர், கொடுக்க வேண்டாதவர், டிக்கெட்டே வேண்டாதவர் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறான். இலை அவன் கையில் டிக்கெட் ஆகியிருக்கிறது. குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தையைப் பற்றி ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி சொன்னது இதுதான்: கண்ணில் படும் பொருளிலிருந்து அர்த்தத்தைத் தனியே பிரிக்க அது அங்கேதான் பழகுகிறது, விளையாடும்போது தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது. இத்தனையும் என் கண்முன் நடந்தது, நான் எழுதியது ஒரு தப்பான வரி.

குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த உளவியலாளர் ஸாரா ஸ்மிலான்ஸ்கி 1968-ல் சேர்ந்து நடிக்கும் விளையாட்டுக்கு ஆறு அடையாளங்கள் சொன்னார். அதில் ஒன்று, ஒரே கதையில் குறைந்தது பத்து நிமிடமாவது நிலைத்திருப்பது. நாம் மூன்றாவது நிமிடத்தில் "இது என்ன கலர்?" என்று கேட்டால் அது எங்கிருந்து வரும்? உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். அவர்களாகக் கூப்பிட்டால் பயணியாக ஏறி டிக்கெட் வாங்குங்கள், டீச்சராக ஏறாதீர்கள்.

தனியாக விளையாடினால் குறை என்று எழுதுவது

அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-ல் வகைப்படுத்திய வேடிக்கை பார்ப்பது, தனியாக விளையாடுவது, பக்கத்தில் உட்கார்ந்து தன் பாட்டுக்கு விளையாடுவது, கூடி விளையாடுவது எல்லாவற்றையும் புது டீச்சர்கள் பயிற்சியில் ஏணிப்படி மாதிரி மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். நாலு வயதுப் பிள்ளை ஒரே காலையில் இவை எல்லாவற்றிலும் போய் வரும். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சொப்பு வைத்து விளையாடிவிட்டு, அப்புறம் மெல்ல உள்ளே நுழைகிற பிள்ளைகள் எத்தனையோ பேர்.

"சமர்த்தாக விளையாடினாள்"

இது குறிப்பே இல்லை. அவள் வாயிலிருந்து வந்த வாக்கியத்தை எழுதுங்கள்.

போட்டோ

போனைப் பைக்குள் வையுங்கள்.

பயமுறுத்தும் விளையாட்டைத் தடுப்பது

போன மாதம் ஒரு சின்னவள், காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தவள், நாலு நாளாக ஸ்கெட்ச் பேனாவை வைத்துப் பொம்மைக்கு ஊசி போட்டுக்கொண்டே இருந்தாள். பொம்மைக்காக அவளே வீறிட்டு அழவும் செய்தாள். பேனாவைப் பிடுங்கிவிடலாமா என்று புது டீச்சர் கேட்டார். வேண்டாம், தேதி போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள் என்றேன். ஐந்தாம் நாள் ஊசி போட்டு முடித்து, பொம்மையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். "இன்னிக்கு பாப்பா அழவே இல்ல, மிஸ்."