மாசி, பங்குனியில் ஏற்காடு: குடும்பத்தோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மே மாதம் கோடை விழாவுக்கு ஊரே மலையேறும்போது நாமும் ஏறி நெரிசலில் நிற்பதைவிட, பிப்ரவரி கடைசியிலோ மார்ச் முதல் பாதியிலோ குடும்பத்தோடு ஒரு நடை ஏற்காடு போய்வருவது எவ்வளவோ மேல். பனி விலக ஆரம்பித்திருக்கும், வெயில் இன்னும் முழுசாகக் கொளுத்தத் தொடங்கியிருக்காது, அறை வாடகையும் மே மாத உயரத்துக்குப் போயிருக்காது. சேலத்துக்காரர்களுக்கு இது தெரியும். வெளியூரிலிருந்து வரும் சொந்தபந்தங்கள்தான் மலர்க் கண்காட்சியை மனசில் வைத்துக்கொண்டு வருவார்கள், இல்லையென்றால் ஐப்பசி மழையில் யாரோ எடுத்த அருவி வீடியோவைப் பார்த்துவிட்டு வருவார்கள். மாசி மாத ஏற்காட்டில் இரண்டும் கிடைக்காது. நான் பார்த்தவரை இந்தக் காலத்துப் பயணம் சொதப்புவதற்கு முக்கால்வாசிக் காரணம், வேறொரு மாதத்து மலையைத் தேடிக்கொண்டு வருவதுதான்.

கிளியூர் அருவியை எடுத்துக்கொள்ளுங்கள். 300 அடி உயரம், படத்தில் பார்த்தால் அள்ளிக்கொண்டு போகும். ஆனால் அதற்குத் தண்ணீர் வருவதே ஏற்காடு ஏரி நிரம்பி வழிவதாலும் மழைக்கால ஓடைகளாலும்தான். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடிந்துவிடும், அப்புறம் இரண்டு மூன்று மாதம் பெரிதாக மழை கிடையாது என்றால் மார்ச்சில் அங்கே என்ன இருக்கும்? பாறைதான் இருக்கும், மிஞ்சிப்போனால் பாறையில் ஒரு ஈரக்கோடு. அதைப் பார்க்க செங்குத்தான படிகளில் முட்டிவலிக்காரப் பாட்டியை இறக்கி, பிறகு உச்சி வெயிலில் மேலே ஏற்றுவது பாவம். போகிற வாரத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று தங்குமிடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மேட்டூரும் அப்படித்தான். அணையை ஜூன் 12-இல் பாசனத்துக்குத் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு, நீர்வரத்தைப் பொறுத்து முன்பின் ஆகும். அதனால் மாசியில் போய் மதகில் தண்ணீர் சீறிப் பாய்வதைக் காட்டுகிறேன் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். 1934-இல் கட்டி முடித்த அந்த அணையையும் பூங்காவையும் பார்த்துவிட்டு, வழியில் மீன் வறுவல் சாப்பிட்டு வரலாம். அந்த அளவுக்கு ஆசைப்பட்டால் ஏமாற்றம் இல்லை. கரையிலிருந்து பார்க்க ஆழமில்லாத மாதிரி தெரிகிறது என்று, இடம் தெரியாமல் காவிரியில் பிள்ளைகளை இறக்கிவிடுவதுதான் வேண்டாத வேலை.

அடுத்தது உடுப்பு. "ஏற்காடுதானே, ஊட்டியா என்ன, ஸ்வெட்டர் எதுக்கு மாமா?" என்று கேட்காத மருமகன் கிடையாது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் சுமாருக்கு இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக, சேலத்தில் மத்தியானம் 35, 36 டிகிரி வெயிலில் வியர்த்துக்கொண்டு கிளம்பி மேலே போனால் 27, 28-இல் சுகமாக இருக்கும். சிக்கல் ராத்திரிதான். வானம் மேகமில்லாமல் இருக்கும் நாட்களில் பகல் சூடு மொத்தமும் சூரியன் இறங்கியதும் போய்விடும், விடிகாலையில் 15, 16-க்கு வந்துவிடும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொன்னது தரைநாட்டுக்கு. மலையில் கேட்கவே வேண்டாம். சிவராத்திரியோடு பனி சிவசிவா என்று போய்விடும் என்றும் சொல்வார்கள், சேலத்தில் அது சரியாகவே இருக்கும், மேலே இன்னும் சில வாரம் தங்கிவிட்டுத்தான் போகும். பெரிய கம்பளிக் கோட்டெல்லாம் வேண்டாம். ஆளுக்கொரு ஸ்வெட்டர், குழந்தைக்கும் வீசிங் உள்ளவர்களுக்கும் காதை மூடும் குல்லா, தாத்தாவுக்கு ஒரு சால்வை, காலுக்கு சாக்ஸ் போதும். பகலில் பருத்திச் சட்டை போட்டால் போதுமானது.

குளிர்ச்சியாக இருக்கிறது என்பதால் வெயிலை மறந்துவிடுவது இதைவிடப் பெரிய ஏமாற்று. காற்று ஜிலுஜிலுவென்று அடிக்கும், தோல் சுடுவதே தெரியாது, ஆனால் உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர் கூடத்தான் செய்யும், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் என்று கணக்கு. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி மொட்டை மேடு, நிழல் கிடையாது. பதினொரு மணிக்குப் போய் ஒரு மணி வரை பிள்ளைகளை ஓடவிட்டால் சாயங்காலம் முகமெல்லாம் சிவந்து, தலைவலி என்று படுத்துவிடுவார்கள். தாகம் எடுக்காததால் தண்ணீரும் குடித்திருக்க மாட்டார்கள். தொப்பி, தண்ணீர், அவ்வளவுதான் விஷயம். முடிந்தால் கோயிலுக்குக் காலையிலேயே போங்கள். குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள், இந்த மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களின் (கேரளத்து மலையாளிகள் இல்லை) தெய்வம் அது, மே மாதத் திருவிழாக் கூட்டம் இல்லாமல் நின்று கும்பிட இதுதான் நேரம்.

நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து சேலத்தைப் பார்க்கிற இடமான லேடீஸ் சீட்டுக்கு மத்தியானம் மூன்று மணிக்குப் போய் "ஒண்ணுமே தெரியலையே" என்பவர்களை எல்லா சனிக்கிழமையும் பார்க்கலாம். வறண்ட காலத்தில் தூசியும் புகையும் சேர்ந்து கீழே சேலத்தையே மறைத்துவிடும். அங்கே இருட்டுகிற நேரத்துக்குப் போனால் ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்க்கலாம், அதற்கு ஸ்வெட்டரோடு போக வேண்டும். காலை வெளிச்சத்துக்கு பகோடா பாயிண்ட் நல்லது, கிழக்குப் பக்கம். மாற்றிப் போனால் இரண்டு இடமும் வீண்.

இப்போது மலைப்பாதைக்கு வருவோம், தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்தில் இறங்கியதும் நல்ல ஓட்டலாகப் பார்த்து பூரி, பொங்கல், நெய் ரோஸ்ட் என்று ஒரு பிடி பிடித்துவிட்டு, பின்சீட்டில் போனில் கேம் விளையாடும் பையனோடு வளைவில் ஏறினால் ஏழாவது எட்டாவது வளைவில் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதுதான். இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், மிச்சத்தை மேலே போய்ச் சாப்பிடலாம். போனை வாங்கி வைத்துவிட்டுத் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உடம்பு சுற்றுகிறது என்று சொல்ல, இந்த இரண்டு சேதியும் ஒத்துப்போகாததால்தான் குமட்டலே வருகிறது. வாந்தி மாத்திரை போடுவதென்றால் கிளம்புவதற்கு அரைமணி, ஒரு மணி நேரம் முன்னாடியே போட வேண்டும், வளைவு ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கிக் கொடுக்கவே கூடாது.

ஏறுவதில் வண்டிக்குத்தான் கஷ்டம், இறங்குவதில்தான் ஆபத்து. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று மலை டிரைவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள், கேட்டுவிட்டு நான்காவது கியரில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்களும் உண்டு, அவர்களை என்ன சொல்வது. பிரேக்கை விடாமல் அழுத்தினால் சூடேறி, கருகல் வாசனை வந்து, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. அதுவும் குடும்பம், பெட்டி, எல்லாம் ஏற்றிய முழுப் பாரம். இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் வளைவுக்கு மட்டும். ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் டி-யிலேயே விட்டுவிடாமல் எல் அல்லது மேனுவலுக்கு மாற்றுங்கள். கருகல் வாசனை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, கால்மணி நேரமாவது ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும், குறிப்பாக பஸ்ஸுக்கு. வளைவில் பஸ் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும், அது டிரைவரின் திமிர் இல்லை.

குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது. வளைவு குறைவு, கூட்டம் குறைவு, ஆனால் பழக்கமில்லாதவர்கள் இருட்டில் தேர்ந்தெடுக்க வேண்டாம். இந்தச் சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் இருக்கின்றன, வறண்ட காலத்தில் தண்ணீர் தேடி ரோட்டுக்கும் தோட்டத்துக்கும் வரும். கறுப்பு உடம்பு, இருட்டு ரோடு, கிட்டே வந்த பிறகுதான் தெரியும். பார்த்தால் நிறுத்தி, லைட்டைத் தாழ்த்தி, அது பாட்டுக்குப் போக விட வேண்டும். இறங்கி செல்பி எடுக்கிற ஆட்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. குரங்குக்கு பிஸ்கட் போடுவதும் இதே ரகம், இன்று நீங்கள் போட்டதை நம்பி நாளைக்கு அது அடுத்த வண்டிக் குழந்தையின் கையைப் பிடுங்கும்.

நெருப்பு விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. பிப்ரவரியிலிருந்து கீழ்மலைக் காடுகள் இலையுதிர்த்துக் கிடக்கும், மூங்கில் காய்ந்திருக்கும், ஒரு பீடித்துண்டு போதும். ராத்திரி குளிருக்கு கேம்ப்ஃபயர் கேட்டு அடம்பிடிப்பவர்கள், தங்குமிடத்துக்காரர் சரி என்றாலும், சருகைப் பெருக்கி அகற்றிய, தண்ணீர் பக்கத்தில் உள்ள, காற்றடிக்காத இடமா என்று பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். யாரோ உள்ளூர்ப் பையன் குறுக்குவழி தெரியும் என்றான் என்று அனுமதியில்லாமல் காட்டுக்குள் நடக்கவும் வேண்டாம். குரங்கணியில் 20 பேருக்கும் மேல் காட்டுத்தீயில் செத்தது இதே மாதிரி மார்ச் மாதத்தில்தான், 2018 மார்ச் 11. இந்தக் காலத்தில் மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடுவது சும்மா இல்லை.

சனி ஞாயிறு இரண்டே நாளில் ஏற்காடு, மேட்டூர், ஒகேனக்கல், நடுவில் சேலத்து 1008 லிங்கம் கோயில், கந்தாஸ்ரமம் என்று பட்டியல் போடுகிறவர்கள் பார்ப்பதெல்லாம் கார் கண்ணாடிதான். ஒகேனக்கல் தர்மபுரி மாவட்டம், தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைவாக ஓடும் இந்த நாட்களில் பரிசல் போக நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மலையிலிருந்து இறங்கிய அதே நாளில் போகிற இடம் இல்லை. இறங்கிய பிறகு பிள்ளைகளுக்கு ஏதாவது காட்டியே ஆக வேண்டுமென்றால் மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது. மத்தியானம் போனால் எல்லா மிருகமும் நிழலில் படுத்திருக்கும், அதையும் காலையில் வைக்க வேண்டும்.

முடிந்தால் ஞாயிறு மதியத்துக்கு மேல் ஏறி செவ்வாய் காலையில் இறங்குங்கள். ஞாயிறு சாயங்காலம் ஊர் முழுக்க இறங்கும்போது நீங்கள் எதிர்த்திசையில் இருப்பீர்கள், திங்கட்கிழமை ஏரியில் படகுக்கு வரிசை இருக்காது. வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இருந்தால் மட்டும் இந்தப் பேச்சே எடுக்காதீர்கள். மற்றவர்கள் ஊர் சுற்ற, அது பாட்டி வீட்டில் உட்கார்ந்து படிப்பது பார்க்கச் சகிக்காது. பொதுத்தேர்வு முடிந்து எல்லோருமாகப் போகலாம்.

காப்பிப்பூ பார்க்க வேண்டும் என்று சிலர் தேதி குறிக்கிறார்கள். அது நம் கையில் இல்லை. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே கொண்டுவந்த காப்பி, இன்றும் சில்வர் ஓக் நிழலில்தான் நிற்கிறது. மார்ச், ஏப்ரலில் பூ மழை என்று தோட்டக்காரர்கள் சொல்லும் ஒரு நல்ல மழை பெய்தால் எட்டுப் பத்து நாள் கழித்துச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கும், இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். மழை பெய்ததா என்று தங்குமிடத்துக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்பினால் ஒருவேளை வாய்க்கலாம். பூத்திருந்தால் கிளையை ஒடிக்காதீர்கள், ஒவ்வொரு பூவும் தோட்டக்காரருக்கு ஒரு காய்.

வாங்குவதிலும் பருவம் பார்க்க வேண்டும். காப்பி அறுவடை முடிந்த கையோடு புதுக் கொட்டை வந்திருக்கும், மிளகும் இந்தச் சமயம்தான் பறித்துக் காய வைப்பார்கள், இரண்டையும் தாராளமாக வாங்கலாம். கீழே வந்து சேலம் மாம்பழம் கேட்டால்தான் தப்பு. மல்கோவாவும் இமாம் பசந்தும் சித்திரை, வைகாசியில் வருகிற சரக்கு, மாசியில் யாராவது நீட்டினால் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். அந்தக் காசுக்கு சாயங்காலம் ஏதாவது தள்ளுவண்டியில் தட்டைக்கு நடுவில் சட்னியும் காய்கறித் துருவலும் வைத்துத் தரும் தட்டுவடை செட் ஆளுக்கு ரெண்டு சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கார சட்னியைக் குறைக்கச் சொல்லி.