முகச் சுருக்கத்துக்குக் காரணம் வயதா, வெயிலா? நீங்களே கண்டுபிடிக்கலாம்

கண்ணோரத்தில் ஒரு கோடு தெரிந்தால் போதும், வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு க்ரீம் வாங்கக் கிளம்பிவிடுகிறோம். முதலில் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள், பணம் மிஞ்சும்.

படி 1: கையைத் திருப்பிப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் நின்று, அக்குளுக்குச் சற்றுக் கீழே மேற்கையின் உட்புறத்தைப் பாருங்கள். அடுத்துப் புறங்கையைப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயதுதான். ஆனாலும் உட்புறம் வழவழவென்று ஒரே நிறமாக இருக்கும். புறங்கையில் கோடும் சொரசொரப்பும் புள்ளிகளும் தெரியும். உட்புறத்தில் இருப்பது வயதின் கணக்கு. புறங்கையில் கூடுதலாக இருப்பதில் பெரும்பங்கு வெயிலின் கணக்கு.

தோலின் உள்ளடுக்குக்கு உறுதி தருவது கொலாஜன். இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வைப்பது எலாஸ்டின். இளமையைக் கடந்தபின் கொலாஜன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது. அது மெதுவான தேய்மானம்தான். வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிரோ உள்ளடுக்குவரை இறங்கி, கொலாஜனைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடி அதை முழுமையாகத் தடுப்பதில்லை. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது ஓட்டுநர் ஒருவரின் படம் 2012-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னத்தில் தடித்த, ஆழமான மடிப்புகள். வலது கன்னத்தில் அந்த அளவுக்கு இல்லை. பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

படி 2: கோட்டின் வகையை அறியுங்கள்

முகம் கழுவி, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவிச் சிறிது நேரம் கழித்துக் கண்ணாடியைப் பாருங்கள். மறைந்துபோன மெல்லிய கோடுகள் வறட்சியால் வந்தவை. சிரித்தால் மட்டும் விழுபவை தசை மடிப்புகள். முகம் அசையாதபோதும் நிற்பவைதான் நிலைத்துவிட்ட சுருக்கங்கள்.

படி 3: சன்ஸ்கிரீனைப் போதிய அளவு தடவுங்கள்

வெயிலை எந்த அளவு தடுக்கும் என்று சொல்லும் எஸ்.பி.எஃப். எண் 30 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். அந்த எண் முக்கியமாகப் புற ஊதா பி கதிருக்கானது. ஆகவே ஏ, பி இரண்டு கதிர்களையும் தடுக்கும் என்று பொருள்படும் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். பலரும் பொட்டு வைப்பதுபோல் தொட்டுக்கொள்கிறார்கள், அது வீண். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவ வேண்டும். தினமும் பூசியவர்களுக்குத் தோல் முதுமை குறைவாகவே கூடியது என்று 2013-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது.

படி 4: புகையை நிறுத்துங்கள்

புகைப்பழக்கம் தோலுக்கான ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது, கொலாஜனையும் சிதைக்கிறது. இதற்கு ஈடுகட்டும் க்ரீம் எதுவும் இல்லை.

படி 5: பிறகு க்ரீமுக்கு வாருங்கள்

கொலாஜன் க்ரீமை நான் வாங்கமாட்டேன். அந்த மூலக்கூறு மிகப் பெரியது. மேல்தோலைத் தாண்டி உள்ளே போகாது, ஈரப்பதம் மட்டும் தரும். நிலைத்த சுருக்கத்தைக் குறைப்பதில் நல்ல சான்று உள்ளவை வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினாய்டுகள். இரவில், முகம் முழுவதற்கும் பட்டாணி அளவு, முதலில் வாரம் இரண்டு நாள். தொடக்கத்தில் தோல் சிவந்து உரியலாம். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். ட்ரெட்டினோயின் போன்ற வீரியமானவற்றைத் தோல் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.