எந்தக் கூண்டு எலி? குடல் அழற்சி, ஸ்டெம் செல், புற்றுநோய் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு மரபணுவை நீக்கிய எலிகளின் பெருங்குடலில் கட்டிகள் நிறைய, சாதாரண எலிகளில் ரொம்பக் குறைவு. முகமெல்லாம் சிரிப்பு. "ரெண்டு வகையும் ஒரே கூண்டுலயா வளர்ந்துச்சு?" என்று கேட்டேன். "இல்லக்கா, தனித்தனி" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது நானும் இதே படத்தை இதே சந்தோஷத்தோடு என் கைடிடம் நீட்டியிருக்கிறேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கையுறை போடு, குழாயில் தேதி எழுது என்பதெல்லாம் இங்கே இல்லை. முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்கள்.

கூண்டை மறப்பது

அழற்சி வழியாக வரும் குடல் புற்றுநோயை எலியில் உண்டாக்க நாங்கள் எல்லோரும் செய்வது ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் அசாக்ஸிமீத்தேன் ஊசி ஒன்று. அது டிஎன்ஏவில் பிழைகளை ஏற்றும். அப்புறம் குடிநீரில் டிஎஸ்எஸ் என்ற வேதிப்பொருள், 2 அல்லது 2.5 சதவீதம், 5 முதல் 7 நாள். பிறகு இரண்டு வாரம் வெறும் தண்ணீர். இப்படி மூன்று சுற்று. டிஎஸ்எஸ் குடலின் உள்தோலைப் புண்ணாக்கும், அந்தப் புண்ணை ஆற்றக் குடல் குழிகளின் அடியில் இருந்து உள்தோலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் மும்முரமாகப் பிரியும், பிழை ஏறிய செல் ஒன்று அந்த அவசரத்தில் சேர்ந்து பெருகினால் கட்டி.

அழற்சியின் வேலை அதோடு முடிவதில்லை. எல்ஜிஆர்5 என்ற அடையாளப் புரதம் உள்ள குடல் ஸ்டெம் செல்லில், கட்டியைத் தடுக்கும் ஏபிசி மரபணுவை நீக்கினால் கட்டி வேகமாக வளர்கிறது, அதையே அதிலிருந்து பிறந்து சில நாளில் உதிர்ந்துபோகும் மகள் செல்களில் நீக்கினால் வளர்ச்சி பாதியில் நின்றுவிடுகிறது என்று 2009-இல் ஹான்ஸ் க்ளெவர்ஸ் குழு காட்டியது. ஆனால் அழற்சியின் முக்கிய விசையான என்எஃப்-கப்பா-பி தூண்டப்பட்ட நிலையில், அந்த மகள் செல்களே பின்னோக்கிப் போய் ஸ்டெம் செல் குணத்தைப் பெற முடியும் என்று 2013-இல் இன்னொரு ஆய்வு வந்தது. அதாவது அழற்சி இருக்கிற ஸ்டெம் செல்லை விரட்டுவது மட்டுமில்லை, புதிதாகவும் உண்டாக்கலாம். எனக்கு இந்தத் துறையில் ஈர்ப்பு வந்ததே இந்த இடத்தில்தான்.

சரி, புண் எவ்வளவு ஆழமாகும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? நாம் நீக்கிய மரபணு மட்டுமில்லை. உள்தோல் உடைந்ததும் உள்ளே நுழையும் பாக்டீரியாக்களுக்கு அதில் பெரிய பங்கு. எலிகளோ கூண்டில் கிடக்கும் புழுக்கையைத் தின்னும் பிராணிகள். சில வாரங்களில் ஒரே கூண்டு எலிகளுக்குக் குடல் பாக்டீரியா ஏறக்குறைய ஒன்றாகிவிடும். மரபணு நீக்கிப் பல தலைமுறையாகத் தனியே வளர்த்த எலிகளையும் வெளியிலிருந்து வாங்கிய சாதாரண எலிகளையும் பக்கத்தில் வைத்தால், நாம் ஒப்பிடுவது மரபணுவையா இரண்டு கூண்டுகளின் பாக்டீரியாவையா என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் செய்தது அதுதான். மூன்று சுற்றும் முடிந்து குடலை நீளவாக்கில் கீறி, மெழுகுத் தட்டில் ஊசி குத்தி விரித்து வைத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது: ஆசனவாய்ப் பக்கம் கடைசி இரண்டு சென்டிமீட்டரில் பாசிப்பயறு அளவில் கட்டிகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு. வாங்கிய எலிகளிலோ கடுகளவில் ஒன்றிரண்டு. போஸ்டர் போட்டேன், கட்டுரையில் பாதி எழுதியும் விட்டேன். ஆண்டு மதிப்பீட்டுக்கு வந்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒரே தாய்க்குப் பிறந்த குட்டிகளா?"

திரும்பச் செய்தேன். மரபணுவின் ஒரு பிரதி மட்டும் இல்லாத பெற்றோரைச் சேர்த்தால் நாலு குட்டிக்கு ஒன்றுதான் இரண்டு பிரதியும் இல்லாமல் பிறக்கும், அதிலும் ஆண், பெண் பிரித்தாக வேண்டும், அதனால் எண்ணிக்கை சேர்வதற்கே மாதக்கணக்கில் ஆனது. எல்லாம் முடிந்து பார்த்தால் வித்தியாசமே இல்லை. ஒன்றரை வருஷம் போனது கூட ஒரு பக்கம். முதல் தடவை அந்த எலிகள் முதுகு கூனி, ரோமம் சிலிர்த்து, உமிப் படுக்கையில் ரத்தத்தோடு கழிந்துகொண்டு மூலையில் உட்கார்ந்திருந்ததைத் தினமும் பார்த்தவள் நான். அவ்வளவு வேதனையும் ஒரு தப்பான கேள்விக்காக.

பெரிய குழுக்களுக்கும் இது நடக்கிறது. என்எல்ஆர்பி6 என்ற மரபணு இல்லாத எலிகளின் குடல் பாக்டீரியா கெட்டு அழற்சி கூடுகிறது, கூட வளரும் எலிக்கும் அது தொற்றுகிறது என்று 2011-இல் வந்த ஆய்வு மிகப் பிரபலம். 2017-இல் ஒரே தாய்க்குப் பிறந்த குட்டிகளை வைத்துப் பார்த்தவர்கள் அந்த மரபணு பாக்டீரியாவை மாற்றுவதாகத் தெரியவில்லை என்றார்கள்.

ஆகவே, ஒரே தாயின் குட்டிகளை எடுங்கள், பால் மறந்த பிறகும் கலந்தே வையுங்கள். வழியே இல்லையென்றால் பரிசோதனைக்குச் சில வாரம் முன்பிருந்தே கூண்டுகளுக்குள் அழுக்கு உமியை மாற்றி மாற்றிக் கலந்துவிடுங்கள். முதல் வழிக்கு இது ஈடாகாது, ஆனாலும் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேல். வளர்ந்த ஆண் எலிகளைத் திடீரென்று சேர்க்காதீர்கள், கடித்துக் குதறிவிடும். பதிவேட்டில் ஒவ்வொரு எலிக்கும் எதிரே கூண்டு எண் இருக்கட்டும். நாலு எலியும் ஒரே கூண்டு என்றால் கணக்கில் அது நாலு தனித்தனிச் சான்று ஆகாது.

சிடி44 இருந்தால் ஸ்டெம் செல் என்று எழுதுவது

சிடி44, சிடி24 போல செல்லின் மேலே ஒட்டியிருக்கும் புரதம் ஓர் அடையாளம் மட்டும்தான். 2003-இல் மார்பகப் புற்றுக்கட்டியிலிருந்து சிடி44 அதிகமும் சிடி24 குறைவும் உள்ள செல்களைப் பிரித்து, சில நூறு செல்களே எலியில் கட்டி உண்டாக்குவதைக் காட்டினார்கள். அதைப் படித்துவிட்டு எல்லாப் புற்றுக்கும் அதே இரண்டு அடையாளத்தைப் பூட்டிவிடுகிறார்கள். சோதிக்கும் எலியைப் பொறுத்தே விடை மாறும் என்பது மறந்துபோகிறது. 2008-இல் ஷான் மாரிசன் குழு மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல்களை எதிர்ப்புச் சக்தி இன்னும் குறைந்த எலிகளில், சோதனை முறையையும் திருத்தி, வைத்துப் பார்த்தது. பத்து லட்சத்தில் ஒன்றுதான் கட்டியாகும் என்று நினைத்திருந்த இடத்தில் ஏறக்குறைய நாலில் ஒன்று கட்டியானது.

தொடங்குவதும் வளர்வதும் ஒன்று என்று நினைப்பது

கட்டி வருவதற்கு முன் அழற்சியை அடக்குவது வேறு, வந்த கட்டியைச் சுற்றி அடக்குவது வேறு. கனகினுமாப் என்ற மருந்து, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதத்தைத் தடுக்கும். மாரடைப்பு வந்த 10,000 பேருக்கு மேல் வைத்து நடந்த இதய நோய் ஆய்வில் அந்த மருந்து எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவாக வந்ததாக 2017-இல் தெரிந்தது. எல்லோரும் துள்ளினார்கள். பிறகு நுரையீரல் புற்று ஏற்கெனவே வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. எலியிலும் இதே கதைதான். உங்கள் மருந்தை முதல் டிஎஸ்எஸ் சுற்றோடு கொடுத்தீர்களா, கட்டி வந்த பிறகு கொடுத்தீர்களா என்பதைத் தலைப்பிலேயே சொல்லுங்கள்.

"மூணுல ரெண்டு அதிர்ஷ்டம்" என்று வீட்டில் சொல்வது

2015-இல் டொமாசெட்டி, வோகல்ஸ்டீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 31 திசுக்களை எடுத்து, ஸ்டெம் செல் எத்தனை தடவை பிரிகிறது என்பதற்கும் அந்தத் திசுவில் புற்று வரும் வாய்ப்புக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டார்கள். திசுவுக்குத் திசு ஏன் வாய்ப்பு மாறுகிறது என்பதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அது விளக்கியது. மூன்றில் இரண்டு புற்றுநோய் விதியால் வருகிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. பீடி பிடிக்கும் மாமாவிடம் தயவுசெய்து அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

எண்டோடாக்சின்

இது பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் நச்சு, தானே அழற்சியைத் தூண்டும். வாங்கிய புரதத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "என் புரதம் அழற்சியைத் தூண்டுகிறது" என்பதை அப்புறம் எழுதலாம்.

டிஎஸ்எஸ் லாட்

லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் சதவீதத்தை முதலிலிருந்து சரிபாருங்கள்.

எடை

தினமும், ஒரே நேரத்தில், டிஎஸ்எஸ் நிறுத்திய பிறகும். நிறுத்தியாச்சே என்று வார இறுதிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எடை மோசமாக இறங்குவதே அந்த இரண்டு மூன்று நாளில்தான். ஐந்தில் ஒரு பங்கு எடை இழந்த எலியை நாங்கள் அதற்கு மேல் தவிக்க விடுவதில்லை, அதனால் ஞாயிற்றுக்கிழமையும் யாராவது ஒருவர் தராசோடு அனிமல் ஹவுஸில் இருப்போம்.