ஒரே வெற்றியோடு முடிந்த ஜாக்கியைப் பழைய பதிவுகளில் தேடுவது எப்படி?

பந்தயக் குதிரை ஓட்டும் நட்சத்திர ஜாக்கிகளைப் பற்றிப் புத்தகங்களே இருக்கின்றன. சில பந்தயங்களோடு காணாமல் போனவர்களுக்கு மிஞ்சுவது முடிவுப் பட்டியலில் ஒன்றிரண்டு வரிகள்தான். அவற்றைச் சரியாகக் கோத்தால் அவர்களுடைய கணக்கும் கிடைத்துவிடும். உதாரணத்துக்கு ஃபிராங்க் ஹேய்ஸ். 1923 ஜூன் 4 அன்று நியூயார்க் பெல்மாண்ட் பார்க்கில், தடை தாண்டும் பந்தயத்தில் ஸ்வீட் கிஸ் என்ற குதிரையில் முதலில் வந்தவர். மாரடைப்பால் சேணத்திலேயே உயிர் போயிருந்தது.

தேடலை ஜாக்கியின் பெயரில் தொடங்காதீர்கள். குதிரையின் பெயரில் தொடங்குங்கள். ஸ்கேன் செய்த பக்கத்தைக் கணினி படிக்கும்போது ஹேய்ஸின் ஆங்கில ‘ஒய்’ எழுத்து ‘வி’ ஆகிவிடும். அந்தப் பெயரில் வேறு பலரும் இருப்பார்கள். ஒரே காலத்தில் ஓடும் இரண்டு குதிரைகளுக்கு ஒரே பெயரைப் பதிவு செய்ய விடமாட்டார்கள் என்பது நமக்குச் சாதகம். கென்டக்கியின் கீன்லேண்ட் நூலகம் டெய்லி ரேசிங் ஃபார்ம் என்ற குதிரைப் பந்தயப் பத்திரிகையின் பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அதில் குதிரையின் முந்தைய ஓட்டங்கள் வரிவரியாக வரும்: தேதி, திடல், தூரம், சுமந்த எடை, ஜாக்கி. அந்தத் தேதிகளைக் குறித்துக்கொண்டு, மறுநாள் இதழில் முழு முடிவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஹேய்ஸுக்கு அது ஜூன் 5.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, திடல், பந்தய எண், குதிரை, எடை, இடம், பந்தய விலை (குதிரை மீது பணம் கட்டுவோருக்கான விகிதம்), பயிற்சியாளர், ஆதாரப் பக்கம். தடை தாண்டும் பந்தயங்களில் குதிரை விழுந்தது, ஜாக்கியை உதறியது, பாதியில் நிறுத்தப்பட்டது ஆகியவற்றைத் தனியாகக் குறிக்க வேண்டும். கடைசி இடம் என்று போட்டால் கணக்கே பிசகிவிடும். எடைக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பயிற்சி ஜாக்கிக்காகச் சுமையைக் குறைத்துக் கொடுக்கும் எடைச் சலுகை. அதை விட்டுவிட்டால், சலுகையில் கிடைத்த வெற்றியைக் குதிரையின் பலம் என்று நினைத்துவிடுவோம்.

எடைப் பத்தியைக் கூர்ந்து பாருங்கள். பலருடைய ஜாக்கி வாழ்க்கை குறுகியதாக முடிந்ததன் காரணம் அங்கேதான் இருக்கிறது. ஹேய்ஸ் அந்தப் பந்தயத்துக்காக 142 பவுண்டிலிருந்து 130 பவுண்டுக்கு இறங்கினார் என்று அக்காலச் செய்திகள் சொல்லின. ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ. பட்டியலில் உள்ள எடையில் சேணமும் சேரும் என்பதால், அதையே உடல் எடையாக எழுதிவிடக் கூடாது. ஓட்டம் முடிந்ததும் வென்றவரை மறுபடி எடை போடுவது விதி. அன்று அதைக் கைவிட்டு முடிவை உறுதி செய்தார்கள்.

அடுத்தது முரண்பாடுகள். ஹேய்ஸின் வயதை ஓரிடத்தில் 22 என்றும் இன்னோரிடத்தில் 35 என்றும் காணலாம். இரண்டையும் ஆதாரத்தோடு எழுதிவைத்து, இறப்புப் பதிவோ மக்கள்தொகைக் கணக்கெடுப்போ கிடைக்கும்வரை ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ‘முதல் வெற்றி’யை ‘முதல் பந்தயம்’ ஆக்கிவிடும் மறுபிரசுரங்கள் ஏராளம். குதிரை லாயத்தில் வேலை பார்த்த ஹேய்ஸ் அதற்கு முன்பும் பந்தயத்தில் ஏறியிருக்கலாம். பழைய இதழ்களைப் புரட்டாமல் அதை எழுதவே கூடாது.

ஹேய்ஸுக்கு முடிவு தெரியும். மற்றவர்களுக்குப் பெயர் சட்டென்று நின்றுபோகும். நியூயார்க்கில் அப்போது குளிர்காலப் பந்தயம் கிடையாது. எனவே மேரிலாந்து, நியூ ஆர்லியன்ஸ் திடல்களையும், அதிகாரிகள் விதித்த தடைகளின் பத்தியையும் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் ‘ஓய்வு பெற்றார்’ என்று எழுதாமல், ‘கிடைத்த கடைசி ஓட்டம்’ என்று தேதியோடு நிறுத்துங்கள்.